கடலூரிலிருந்து சிப் ஆலைக்கு: முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போன மாதம் மஞ்சக்குப்பத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காபி டம்ளரைக் கையில் கொடுத்ததும் அக்கா ஆரம்பித்தாள். "தம்பி, இவன் செமிகண்டக்டர் வேலைக்குப் போறேங்கிறான். பாண்டியில ஒரு இடத்துல ஆறு மாசக் கோர்ஸாம், ஒன்னேகால் லட்சம் கேக்கறாங்க. கட்டலாமா?"

மருமகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். கையிலிருந்த செல்போனில் குஜராத்தில் எழும்பும் ஆலையின் படம். "என்ன வேலைக்குடா போகப்போறே?" என்றேன். "சிப் வேலைதான் மாமா."

ஜிப்மரில் வேலை என்று ஒருவர் சொன்னால் டாக்டரா, நர்ஸா, லேபா, ஆக்சிஜன் பிளான்ட்டா என்று உடனே கேட்போம். சிப் வேலை என்றால் மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் கட்டிய பணம் எத்தனையோ வீடுகளில் வீணாய்ப் போயிருக்கிறது. எனக்குச் சொந்த ஊர் கடலூர் முதுநகர். டிப்ளமோ படித்தது பாண்டியில். அதன் பிறகு மலேசியாவின் பினாங்கில் பல வருடம் சிப் பேக்கேஜிங், டெஸ்டிங் வேலை பார்த்தேன். அன்று ராத்திரி மருமகனுக்காகத் தாளில் எழுதிக் கொடுத்ததைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். கடலூர், பாண்டி, நெய்வேலி, சிதம்பரம் பக்கத்துப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது.

இப்போது மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு

2020, 2021-இல் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தது. சில நூறு ரூபாய் பெறாத சிப் கிடைக்காமல் முழு காரும் ஷெட்டில் நின்றது. மிக நுட்பமான சிப்களில் பெரும்பகுதி தைவான் என்கிற ஒரே தீவில் தயாராகிறது என்பது அப்போதுதான் எல்லா அரசாங்கங்களுக்கும் உறைத்தது. அமெரிக்கா 2022 ஆகஸ்டில் தன் நாட்டில் ஆலை கட்டுகிறவர்களுக்கு மானியச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் உயர்ரக சிப்களும் அவற்றைச் செய்யும் இயந்திரங்களும் சீனாவுக்குப் போகாதபடி கட்டுப்பாடு போட்டது. ஜப்பானும் நெதர்லாந்தும் அடுத்த ஆண்டு அதே வழியில் போயின. சீனா பதிலுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து காலியம், ஜெர்மேனியம் என்ற இரண்டு உலோகங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கியது.

இரண்டு பெரிய வீடுகள் சண்டை போட்டுக்கொண்டால் மூன்றாவது வீட்டுக்கு ஆள் தேடி வருவார்கள். சீனாவைத் தவிர இன்னொரு இடம் வேண்டும் என்று கம்பெனிகள் தேடும்போது இந்தியாவின் பெயரும் வருகிறது. மத்திய அரசு 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. அங்கீகாரம் பெற்ற ஆலையின் திட்டச் செலவில் பாதியை மத்திய அரசே தரும், மாநில அரசு அதற்கு மேல் தனியாகத் தரும். ஆலைகள் வருவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பணம்தான். அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஏனென்றால் மானியம் நின்றால் என்னவாகும் என்ற கேள்வியை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டேதான் இந்தத் துறைக்குள் வர வேண்டும்.

முதல் வேலை: எந்த வாசல் என்று முடிவு செய்வது

நான்கு வாசல்கள் இருக்கின்றன.

ஒன்று, வடிவமைப்பு. சிப்பில் எந்தச் சுற்று எங்கே இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைவது. இது இந்தியாவுக்குப் புதிதில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-இலேயே பெங்களூருக்கு வந்துவிட்டது. உலகத்தின் சிப் வடிவமைப்பு இன்ஜினியர்களில் ஐந்தில் ஒருவர் இந்தியர் என்பார்கள். சென்னையிலும் இந்த வேலை உண்டு. குவால்காம் 2024 மார்ச்சில் தரமணியில் ஒரு வடிவமைப்பு மையம் திறந்தது. சம்பளம் அதிகம், போட்டியும் அதிகம். இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) அல்லது அதற்கு நெருக்கமான பி.இ. வேண்டும். பல இடங்களில் எம்.டெக். கேட்கிறார்கள்.

இரண்டு, ஃபேப். வேஃபர் என்கிற வட்டமான சிலிக்கன் தகட்டின் மேல் சுற்றுகளை அடுக்கடுக்காக உருவாக்கும் ஆலை இது. நூற்றுக்கணக்கான படிகள் உண்டு. ஒரு வேஃபர் உள்ளே போய் வெளியே வர இரண்டு மூன்று மாதம் ஆகும். குஜராத்தின் தொலேராவில் டாடாவும் தைவானின் பவர்சிப்பும் சேர்ந்து கட்டுவது இந்த வகை. 91,000 கோடி ரூபாய் முதலீடு, மாதம் 50,000 வேஃபர் என்பது இலக்கு. 28 நானோமீட்டரிலிருந்து 110 வரை அங்கே செய்யப்போகிறார்கள். சுற்று எவ்வளவு நுணுக்கம் என்பதைச் சொல்லும் எண் இது, எண் சிறிதானால் டெக்னாலஜி புதிது. "அதெல்லாம் பழைய டெக்னாலஜிதானே" என்று சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். காரின் கட்டுப்பாட்டுப் பெட்டி, டிவியின் திரை, மின் மீட்டர், மிக்சி எல்லாம் ஓடுவது இந்த வகை சிப்பில்தான். 2021-இல் காரை நிறுத்தியதும் இந்தப் பழைய வகை சிப் கிடைக்காததால்தான். இங்கேதான் நாம் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

மூன்று, பேக்கேஜிங்கும் டெஸ்டிங்கும். வேஃபரைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் கால்கள் வைத்து, கறுப்புப் பிசினால் மூடி, சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்து அனுப்புவது. அசாமின் ஜாகிரோட்டில் டாடாவின் 27,000 கோடி ரூபாய்த் திட்டம், குஜராத்தின் சாணந்தில் மைக்ரான், சி.ஜி. பவர், கெய்ன்ஸ் எல்லாம் இந்த வகை. டிப்ளமோக்காரர்களுக்கும் பி.எஸ்சி.க்காரர்களுக்கும் அகலமாகத் திறந்திருக்கும் வாசல் இது. தமிழ்நாட்டுக்கு இந்த வேலை புதிதில்லை என்பது பலருக்குத் தெரியாது. விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போகும்போது செங்கல்பட்டு தாண்டி மறைமலைநகர் வருமே, அங்கே ஸ்பெல் செமிகண்டக்டர் என்ற கம்பெனி பல பத்தாண்டுகளுக்கு முன்பே இதைச் செய்யத் தொடங்கிவிட்டது.

நான்காவது வாசலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆலையை உயிரோடு வைத்திருக்கும் வேலை அது: தண்ணீர், வாயு, ரசாயனம், மின்சாரம், குளிரூட்டல், கழிவு. நம் மாவட்டத்துக்கு இதுதான் சொந்த வாசல் என்று நினைக்கிறேன்.

சிப்காட்டில் கற்ற கைக்கு அங்கே என்ன மதிப்பு

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, பச்சையாங்குப்பம் பக்கம் வளர்ந்த பிள்ளைக்கு ரசாயனத்தைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மூக்காலேயே சொல்லும். அந்த ஊர்கள் பட்ட பாட்டையும் நான் மறக்கவில்லை. ஆனால் சிப்காட் ஆலைகளில் பத்து வருடம் வேலை பார்த்த ஒரு பிளான்ட் ஆபரேட்டரிடம் இருக்கும் பழக்கம் பெங்களூரில் படித்த பல இன்ஜினியர்களிடம் கிடையாது. வால்வைத் திறக்குமுன் பெர்மிட் வாங்குவது, பூட்டுப் போட்டுச் சீட்டுக் கட்டிய பிறகே மோட்டாரில் கை வைப்பது, நச்சு வாயுவைக் கழுவி வெளியே விடும் ஸ்க்ரப்பர் ஓடுகிறதா என்று முதலில் பார்ப்பது, ரசாயனத்தின் பாதுகாப்புத் தாளைப் படித்துவிட்டு டிரம்மைத் தொடுவது. ஃபேப்பின் அடித்தளத்தில் இதே பழக்கங்கள்தான் ஆளைக் காப்பாற்றுகின்றன.

அங்கே ஓடும் சில பொருள்களைச் சொல்கிறேன். சைலேன் என்ற வாயு காற்றைத் தொட்டாலே பற்றிக்கொள்ளும், தீக்குச்சி வேண்டாம். ஆர்சினும் பாஸ்பினும் கொடிய விஷம். அதனால் குழாய்க்குள் குழாய் வைத்து, நடுவில் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி வைத்திருப்பார்கள். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் ஆரம்பத்தில் அதிகம் வலிக்காமலும் இருக்கும், உள்ளே இறங்கி எலும்பு வரை போகும். அதற்கான கால்சியம் குளுகோனேட் களிம்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

தண்ணீர் இன்னொரு உலகம். வேஃபரைக் கழுவும் தண்ணீரில் உப்பு, பாக்டீரியா, கரைந்த காற்று எதுவும் இருக்கக் கூடாது. அது எவ்வளவு சுத்தம் என்பதை மின்தடையால் அளப்பார்கள். 18.2 மெகாஓம் சென்டிமீட்டர் என்று மீட்டர் காட்ட வேண்டும். நம் ஊரில் மூலைக்கு மூலை இருக்கும் ஆர்.ஓ. பிளான்ட்டில் சவ்வு மாற்றத் தெரிந்தவனுக்கு இந்த வேலையின் முதல் கால்வாசி ஏற்கனவே கைவந்துவிட்டது. மீதியை, அதாவது அயனிப் பரிமாற்றம், புற ஊதா விளக்கு, வாயு நீக்கம் ஆகியவற்றை, படித்துக்கொள்ளலாம்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் வந்தபோது நம் ஊரில் கம்பங்கள் சரிந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். ஃபேப்புக்கு வாரம் வேண்டாம். கண் சிமிட்டும் நேரம் வோல்டேஜ் இறங்கினாலே உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் வேஃபர்கள் குப்பைக்குப் போகலாம். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் பனி விழுந்து மின்சாரம் நிறுத்தப்பட்டபோது ஆஸ்டினில் சாம்சங், என்.எக்ஸ்.பி., இன்ஃபினியன் ஆலைகள் மூடின. திரும்ப முழுதாக ஓட வாரங்கள் ஆயின. "ஏன் கடலூரில் ஒரு ஃபேப் கட்டக் கூடாது" என்று அக்கா கேட்டதற்கு நான் சொன்ன பதிலில் இதுவும் ஒன்று. நெய்வேலி அனல்மின் நிலையத்திலோ பெரிய ஜெனரேட்டர், யு.பி.எஸ். அறையிலோ வேலை பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பயோடேட்டாவில் இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள். அதுதான் உங்கள் முக்கியப் பக்கம்.

என் மருமகனுக்கு நான் சொன்ன வழி இதுதான். மெக்கானிக்கல் டிப்ளமோவோடு சிப் வடிவமைப்புக் கோர்ஸில் ஒன்னேகால் லட்சம் கட்டாதே. பம்ப், சில்லர், வால்வு, பி.எல்.சி. (ஆலை இயந்திரங்களை இயக்கும் சிறு கணினி) கற்றுக்கொண்டு ஒரு வருடம் அப்ரென்டிஸாகப் போ. பிறகு நான்காவது வாசலில் போய்த் தட்டு.

படித்ததை வைத்துப் பொருத்திப் பார்ப்பது

இ.சி.இ. பி.இ. என்றால் முதல் வாசலும் மூன்றாவதில் டெஸ்ட் இன்ஜினியரிங்கும். பி.எஸ்சி. இயற்பியல், வேதியியல் படித்தவர்களுக்கு ஃபேப் பிராசஸ், தரப் பரிசோதனை. எம்.எஸ்சி. முடித்தால் இன்னும் நல்லது. கெமிக்கல் இன்ஜினியரிங்காரர்களை ஃபேப்பில் கை நீட்டி வரவேற்பார்கள். ஐ.டி.ஐ. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக் எல்லோருக்கும் நான்காவது வாசல். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்கள் சிப்பைச் சரிபார்க்கும் வேலைக்குப் போகலாம். அதில் பாதி நேரம் நிரல் எழுதுவதுதான்.

கல்லூரிக்கு எங்கும் தூரமாக ஓட வேண்டாம். பிள்ளைச்சாவடியில் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, பழைய பாண்டிச்சேரி இன்ஜினியரிங் காலேஜ்தான் அது. காரைக்காலில் என்.ஐ.டி. இருக்கிறது. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியல் மையம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கெமிக்கலும் இ.சி.இ.யும். 2023-இல் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ., வி.எல்.எஸ்.ஐ. (சிப் வடிவமைப்பு) என்ற பெயரிலேயே ஒரு பி.டெக். பாடத்திட்டமும், சிப் தயாரிப்புக்கு ஒரு டிப்ளமோ பாடத்திட்டமும் வெளியிட்டது. பட்டத்தின் பெயருக்காக நல்ல கல்லூரியின் சாதாரண இ.சி.இ.யை விட்டுவிட்டுப் போகாதீர்கள். சேருமுன் கல்லூரியில் ஒரு கேள்வி கேளுங்கள்: "சிப்ஸ் டு ஸ்டார்ட்டப் திட்டத்தில் உங்கள் கல்லூரி இருக்கிறதா?" மத்திய அரசின் திட்டம் அது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு, லட்சக்கணக்கில் விலையுள்ள வடிவமைப்பு மென்பொருள்கள் பெங்களூரில் இருக்கும் சி-டாக் என்ற அரசு நிறுவனம் மூலம் கிடைக்கின்றன. மாணவர்கள் வரைந்த சிப்கள் மொகாலியில் இருக்கும் அரசு ஆலையில் நிஜமாகவே தயாராகிக் கைக்கு வந்திருக்கின்றன.

வீட்டில் உட்கார்ந்தே தொடங்குவது

வடிவமைப்பு வாசலை நோக்கிப் போகிறவர்களுக்கு இந்தப் பகுதி. பணம் செலவில்லை, ஒரு பழைய லேப்டாப் போதும். சிப்பின் சுற்றை எழுத்தில் எழுதும் மொழிக்கு வெரிலாக் என்று பெயர். அதை ஓட்டிப் பார்க்க இக்காரஸ் வெரிலாக், அலைவடிவத்தைப் பார்க்க ஜி.டி.கே.வேவ் என்ற இரண்டு இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி. காரக்பூரின் வெரிலாக் பாடம் முழுதும் இலவசம், தேர்வு எழுதினால் மட்டுமே கட்டணம்.

முதல் பயிற்சியாக நான்கு பிட் கவுன்ட்டர் ஒன்று எழுதுங்கள். 0-விலிருந்து 15 வரை எண்ணி மறுபடி 0-வுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். அதைச் சோதிக்க இன்னொரு சிறு நிரல் எழுதி ஓட்டி, அலைவடிவத்தைத் திரையில் பாருங்கள். சிப்புக்குத் தாளம் போடும் துடிப்பான கிளாக்கின் கோடு பல்சக்கரம் மாதிரி ஏறி இறங்கும். கவுன்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலோருக்கு முதல் தடவை சிவப்புப் பட்டைதான் தெரியும், எண்ணே இருக்காது. மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்து மூடிவிடாதீர்கள். கவுன்ட்டர் எந்த எண்ணில் தொடங்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. சொல்லாத வரைக்கும் அது "தெரியாது" என்ற நிலையிலேயே நிற்கும், தெரியாததோடு ஒன்றைக் கூட்டினாலும் தெரியாதுதான். 0-விலிருந்து தொடங்கு என்று சொல்லும் ஒரு ரீசெட் வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். சிவப்பு விலகி 0, 1, 2 என்று பச்சைக் கோட்டில் எண்கள் நடக்கும். நிஜச் சிப்பிலும் மின்சாரம் வந்த முதல் நொடியில் இதே பிரச்சினைதான். இந்த ஒரு மணி நேரத்தில் கற்றதை எந்தப் புத்தகமும் இவ்வளவு ஆழமாகப் பதிய வைக்காது.

அடுத்து, செட்டப் நேரம், ஹோல்டு நேரம் இரண்டையும் கரைத்துக் குடியுங்கள். கிளாக் அடிக்குமுன் தகவல் மாறாமல் நிற்க வேண்டிய நேரம் செட்டப், அடித்த பிறகு மாறாமல் நிற்க வேண்டிய நேரம் ஹோல்டு. செட்டப் தவறினால் கிளாக்கை மெதுவாக்கித் தப்பிக்கலாம். ஹோல்டு தவறினால் கிளாக்கை எவ்வளவு மெதுவாக்கினாலும் தப்ப முடியாது, சிப்பையே மாற்ற வேண்டும். ஏன் என்று தாளில் படம் போட்டு விளக்கத் தெரிந்தால் நேர்காணலில் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். அதற்குப் பிறகு யோசிஸ், ஓப்பன்லேன் என்ற மென்பொருள்கள், ஸ்கைவாட்டர் 130 என்ற ஆலை விதித் தொகுப்பு என்று இலவச வழியிலேயே சிப்பின் முழு வரைபடம் வரைக்கும் போகலாம். ஐ.ஐ.டி. மெட்ராஸின் சக்தி பிராசஸர் திறந்த மூலத்தில் இருக்கிறது, அதன் நிரலைப் படித்துப் பாருங்கள். சென்னையில் நம் ஆட்கள் வடிவமைத்த பிராசஸர் அது என்பதை நினைத்துப் படிக்கும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

பணம் கேட்கும் கோர்ஸ்கள்

என் சித்தப்பா பேரன் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினான். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பயிற்சி நிலையம், "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று போர்டு. ஆறு மாதம் முடிந்ததும் கிடைத்தது ஒரு சான்றிதழும், செல்போன் கடையில் விற்பனை வேலைக்கான அழைப்பும்.

அதனால், கட்டுமுன் நான்கு விஷயம் பாருங்கள். சொல்லிக்கொடுப்பவர் இந்தத் துறையில் எங்கே, எத்தனை வருடம் வேலை பார்த்தார்? மென்பொருளுக்கு முறையான உரிமம் இருக்கிறதா? போன பேட்ச்சில் படித்த மூன்று பேரின் நம்பர் தருவார்களா, நீங்களே கூப்பிட்டுப் பேச முடியுமா? கட்டணத்தைத் தவணையாக வாங்குவார்களா, அல்லது முதல் நாளே முழுதும் கேட்கிறார்களா? உத்தரவாதம் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள். வேலை கொடுப்பது கம்பெனி, பயிற்சி நிலையத்தால் அதற்கு உத்தரவாதம் தர முடியாது.

செலவில்லாத வழிகள் இருக்கும்போது கடன் வேண்டாம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நான் முதல்வன் திட்டம் இருக்கிறது. டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களுக்கு மத்திய அரசின் தேசியப் பழகுநர் திட்டத்தில் உதவித்தொகையோடு ஒரு வருடப் பயிற்சி உண்டு. தென்மண்டல அலுவலகம் தரமணியில்.

செய்தியைப் படிக்கக் கற்றுக்கொள்வது

பேப்பரில் வரும் ஒவ்வொரு அறிவிப்பையும் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது ஒரு படி. மத்திய அமைச்சரவை அங்கீகாரம் அடுத்தது. பிறகு அடிக்கல், கட்டடம், இயந்திரம் வந்து இறங்குவது, சோதனை உற்பத்தி, கடைசியில் வாடிக்கையாளர் தரச் சான்று. ஆள் எடுப்பு பெரிதாக நடப்பது இயந்திரம் இறங்கும் சமயத்தில்.

இந்த நாடு இதற்கு முன்னும் ஆசைப்பட்டு ஏமாந்திருக்கிறது. மொகாலியில் அரசு ஆலை 1984-இல் உற்பத்தி தொடங்கியது. 1989-இல் தீ விபத்தில் எரிந்தது, அதிலிருந்து எழுந்து வரவே பல வருடங்கள் ஆயின. அந்த இடைவெளியில் தைவான் எங்கேயோ போய்விட்டது. இன்று அதே மொகாலிதான் இஸ்ரோவுக்காக விக்ரம் 3201 பிராசஸரைச் செய்து கொடுத்திருக்கிறது. 2014 வாக்கில் இரண்டு ஃபேப் திட்டங்களுக்கு ஒப்புதல் கிடைத்தும் ஒன்றுகூட எழவில்லை. 2023 ஜூலையில் வேதாந்தாவோடு சேர்ந்த திட்டத்திலிருந்து ஃபாக்ஸ்கான் விலகியது. 2025 மே மாதத்தில் சோஹோ தன் சிப் ஆலைத் திட்டத்தை நிறுத்தி வைத்தது. தொழில்நுட்பப் பாதையில் முழு நம்பிக்கை வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். மக்கள் வரிப்பணம் போவதற்கு முன்பே அப்படிச் சொன்னதை நான் மதிக்கிறேன்.

தமிழ்நாட்டரசு 2025 பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயில் செமிகண்டக்டர் இயக்கம் ஒன்றை அறிவித்தது. கோவைப் பக்கம் சூலூரிலும் பல்லடத்திலும் பூங்காக்கள் வரும் என்றார்கள். அந்தப் பக்கத்துச் செய்திகளைக் கவனித்து வாருங்கள், வீட்டுக்கு அருகில் வேலை வேண்டும் என்பவர்களுக்கு அது முக்கியம்.

பினாங்கை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1972-இல் இன்டெல் அங்கே வந்தபோது கொடுத்தது பேக்கேஜிங் வேலை மட்டும். கம்பம் என்கிற மலாய் கிராமங்களின் பெண்கள் நுண்ணோக்கியில் குனிந்து தங்கக் கம்பி ஒட்டினார்கள். இன்று உலகத்தின் சிப் பேக்கேஜிங், டெஸ்டிங்கில் எட்டில் ஒரு பங்கு மலேசியாவில் நடக்கிறது. ஐம்பது வருடம் ஆயிற்று. ஆனாலும் வடிவமைப்பிலும் ஃபேப்பிலும் மேலே ஏற வேண்டும் என்று 2024-இல் அவர்கள் புதிதாகத் திட்டம் போட வேண்டியிருந்தது. மூன்றாவது வாசலில் நுழைகிறவர்கள் அங்கேயே நின்றுவிடக் கூடாது என்று நான் சொல்வது அதனால்தான். மாலை நேரத்தில் படிப்பதை விடாதீர்கள்.

நேர்காணலும் முதல் வாரமும்

பேக்கேஜிங் ஆலையில் நேர்காணல் என்றால் ஓம் விதி, மல்டிமீட்டர், உற்பத்தி வரம்புக்குள் இருக்கிறதா என்று காட்டும் கட்டுப்பாட்டு வரைபடம், ஒரு பிரச்சினையின் மூலக் காரணத்தை எப்படித் தேடுவீர்கள் என்பதைக் கேட்பார்கள். இங்கிலீஷ் தடுமாறினால் பரவாயில்லை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இந்தத் துறையில் பொய் சொல்கிறவனை யாரும் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதற்கு என் கதையே போதும். பினாங்கில் சேர்ந்த புதிதில் எனக்குக் கம்பியை இழுத்துப் பார்க்கும் சோதனை கொடுத்தார்கள். சிப்புக்கும் அதன் காலுக்கும் நடுவே பாலம் மாதிரி வளைந்து நிற்கும் தங்கக் கம்பி, தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குத் தடிமன். அதன் அடியில் சின்னக் கொக்கியை விட்டு மேலே இழுக்க வேண்டும். எத்தனை கிராம் விசையில் அறுகிறது என்று கருவி காட்டும். அன்று எல்லா எண்ணும் வரம்புக்கு மேலேயே இருந்தன, கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேற்பார்வை பார்த்த தமிழ் அக்கா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க அறுந்துச்சுன்னு பாத்தியா தம்பி?" என்று கேட்டார். நுண்ணோக்கியில் பார்த்தேன். கம்பி நடுவில் அறுந்திருந்தால் நல்லது. ஆனால் அடியில் ஒட்டியிருக்க வேண்டிய உருண்டை அப்படியே பெயர்ந்து வந்திருந்தது. ஒட்டும் இடத்தில் அழுக்கு. எண் நன்றாக இருந்தும் ஒட்டு நன்றாக இல்லை. சேர்ந்து செய்த அந்த லாட், அதாவது அந்தத் தொகுதி முழுக்க நிறுத்தப்பட்டது. அது போயிருந்தால் எங்கேயோ ஓடும் காரில் ஒரு வருடம் கழித்துத் தன் வேலையைக் காட்டியிருக்கும்.

கிளீன் ரூம் பழக ஒரு வாரம் ஆகும். முகம், தலை, கால் எல்லாம் மூடிய வெள்ளை அங்கி. பவுடர், மை, வாசனை எண்ணெய் கூடாது. பூ வைத்துக்கொண்டு வர முடியாது, விபூதி பூசினால் உள்ளே போகுமுன் கழுவ வேண்டும். இதை அம்மாக்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வருத்தப்படுவார்கள். உள்ளே தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் அங்கியைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, நான் பார்த்திருக்கிறேன். இடைவேளையில் கட்டாயம் குடியுங்கள். பல ஆலைகளில் 12 மணி நேர ஷிப்ட். இரவு ஷிப்ட் ஒத்துக்கொள்ளுமா என்பதைச் சேருமுன்பே யோசியுங்கள். ஃபேப்பில் ஒளியால் வேஃபர் மேல் சுற்றின் உருவத்தைப் பதிக்கும் பகுதி முழுக்க மஞ்சள் விளக்கில் இருக்கும். வேஃபரில் பூசும் ரசாயனம் நீல ஒளியில் கெட்டுவிடும் என்பதால் அப்படி. முதல் நாள் தலை சுற்றினால் பயப்படாதீர்கள்.

உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்க, கையில் கட்டும் நிலைமின் பட்டையை ஒரு நாளும் மறக்காதீர்கள். நம் விரலில் சுருக்கென்று நாம் உணர்வதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். சிப் சாவதற்கு நூறே போதும். நாம் உணராமலேயே அதைக் கொன்றிருப்போம்.

ஊரை விட்டுப் போகும்போது

சாணந்து அகமதாபாத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்னை சென்ட்ரலிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய ஒன்றரை நாள். தொலேராவுக்கு அகமதாபாத்திலிருந்து இன்னும் சுமார் நூறு கிலோமீட்டர். ஜாகிரோடு கவுகாத்தி பக்கம், பயணமே இரண்டு நாளைக்கு மேல் ஆகும். பேசும் அளவுக்கு இந்தி கற்றுக்கொண்டு போங்கள். கசிவு அலாரம் அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவன் என்ன கத்துகிறான் என்று புரிய வேண்டும். ஒப்பந்தக் கம்பெனி மூலம் சேர்ந்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் வந்துவிட்டதா என்று முதல் மாதச் சீட்டிலேயே பாருங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள், கேட்டால் நகல் கொடுங்கள்.

மருமகன் இப்போது குடிகாட்டுப் பக்கம் ஓர் ஆலையில் பம்ப் பராமரிப்பில் அப்ரென்டிஸ். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பி.எல்.சி. பாடத்தில் எனக்குச் சந்தேகம் கேட்கிறான். போன வாரம் அவன் கேட்டதற்கு எனக்கே பதில் தெரியவில்லை, இருவரும் சேர்ந்து தேடிக்கொண்டிருக்கிறோம்.